வாங்காதீங்கன்னுதான் சொன்னேன்

அந்த வீடியோவ நிறுத்துங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க, பக்கத்து சீட்டுக்காரர் போன எட்டிப் பாக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனா சேலத்துல பஸ் எடுத்ததுலேர்ந்து அந்த ஆளோட குரல் காதுல விழுந்துக்கிட்டே இருக்கு. வாங்கலாம், தாராளமா வாங்கலாம்ங்கறான். அவனுக்கு அந்த கிராஃபிக்ஸ் கார்டு சும்மா வந்ததுங்க. கம்பெனிக்காரன் வீட்டுக்கே அனுப்பி வெச்சிருப்பான். சும்மா வந்தவனுக்கு எல்லாமே தாராளம்தான்.

யாருக்கு, பொண்ணுக்கா? என்ன படிக்குது? அனிமேஷனா. சரி. வெலை எவ்வளவு சொல்றான்னு நீங்க சொல்ல வேணாம், எனக்கே தெரியும். நாப்பத்தி மூணாயிரத்து ஐந்நூறு. நேத்து ராத்திரி வரைக்கும் அதான். நீங்க வாங்காதீங்க. வெலை தப்புன்னு சொல்லல, வெலை இப்பதான் சரியா இருக்கு. ஆனா இன்னும் நாலு மாசத்துல அடுத்த தலைமுறைக் கார்டு வருது. இப்பப் போய் வாங்கினா அதவிட முட்டாள்தனம் வேற இல்ல. பொண்ணுகிட்ட சொல்லுங்க, காத்திருக்கச் சொல்லுங்க. நாலு மாசம் காத்திருந்தா ஒண்ணும் கொறஞ்சு போயிடாது.

என் பேரு குணசீலன். சேலத்துல ஒரு பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கறேன். சாயங்காலம் ஒரு சேனல் நடத்தறேன், 'விலை சரியா'ன்னு பேரு. கேள்விப்பட்டதில்லையா? பரவால்ல, நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. தாராளமா வாங்கலாம்னு சொல்றவனைத்தான் எல்லாரும் கேள்விப்படுவாங்க. நான் வேணாம்னு சொல்றவன். ஏழு வருஷமா வேணாம்னு சொல்லிக்கிட்டிருக்கேன். நான் வாங்கலாம்னு சொன்ன கார்டு மொத்தமே மூணுதான். அந்த மூணும் இப்ப எங்கேயும் கெடைக்காது.

எங்க வீட்டுக்காரி பேரு ஹேமலதா. அவளுக்கு வேலை என்னன்னா, கட்டாத வீட்ட கட்டின மாதிரி காட்டறது. ஆர்க்கிடெக்ட் பிளான் குடுப்பாங்க. இவ அதுக்குள்ள செவுரு, ஜன்னல், சோபா, வெயில் எல்லாம் வெச்சு, கதவத் தெறந்துக்கிட்டு உள்ள நடந்து போற மாதிரி ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் படம் பண்ணிக் குடுப்பா. நல்லாத்தான் பண்ணுவா, அத நான் மறுக்கல. படத்துல எல்லாம் வெச்சு முடிச்சப்புறம் கம்ப்யூட்டர் அத வரைஞ்சு தள்ளணும். ரெண்டர்னு சொல்லுவாங்க. அது பூரா இந்த கார்டோட வேலை. எங்க வீட்ல இருந்தது ஆறு வருஷத்துப் பழைய கார்டு. மெமரி கம்மி. படம் கொஞ்சம் பெருசாச்சுன்னா பாதியில நின்னுடும்.

புதுசு ஒண்ணு வேணுங்கன்னா. நான் மாட்டேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல சார், அத மொதல்ல புரிஞ்சுக்குங்க. தீவாளி வரட்டும்னேன். தீவாளி வந்துச்சு, தள்ளுபடி எல்லாம் பொய்த் தள்ளுபடி, ஏத்தி வெச்சு எறக்கறது. அத ஒரு வீடியோவா போட்டேன். பொங்கலுக்குப் பாக்கலாம்னேன். அதுக்குள்ள அடுத்த தலைமுறை வருதுன்னு சேதி வந்துடுச்சு. அடுத்தது வரப்போகுதுன்னு தெரிஞ்சும் பழசப் போய் எவனாவது வாங்குவானா? இருன்னேன். இருந்தா. ரெண்டு வருஷம்னு அவ சொல்லுவா. ஒரு வருஷம் பத்து மாசம்.

நடுவுல ஒண்ணு வாங்கிக் குடுக்கவும் செஞ்சேன், அத யாரும் சொல்ல மாட்டாங்க. மெட்ராஸ் போயிருந்தப்ப ஒரு ஆள்கிட்ட, செகண்ட் ஹேண்ட், பதினேழாயிரம். அந்த மாதிரி கார்டு அன்னைக்கு மார்க்கெட்ல இருபத்தி மூணுக்குக் கம்மியா கெடையாது. கம்ப்யூட்டர வெச்சு பிட்காயின் காசு தோண்டறேன்னு ராத்திரி பகலா ஓட்டுவானுங்களே, அப்படி ஓட்டின கார்டு. அஞ்சு வாரத்துல செத்துப் போச்சு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? பதினேழாயிரம் அதுக்கு இன்னைக்கும் நல்ல வெலைதான்.

அது செத்த அன்னைக்கு அவளுக்கு ஏதோ அவசரம். கோயமுத்தூர்ல பெனிட்டா மேடம்னு ஒரு ஆர்க்கிடெக்ட், அவங்கதான் இவளுக்கு நெறைய வேலை குடுக்கறது. ஒரு ஆஸ்பத்திரி கட்டறாங்களாம், அதுல கொழந்தைங்க வார்டு. திங்கக்கிழமை காட்டணும். பழைய கார்டப் போட்டு, படத்தத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டா ஓட்டி, ஒட்டி, மூணு நாள் அந்த நாற்காலியிலயே உக்காந்திருந்தா. அப்படியும் முடியல. வேலை வேற யாருக்கோ போயிடுச்சு. அவ அழுதாளான்னு கேக்கறீங்களா? அழல. ஆனா ஒண்ணு சொன்னா. எனக்கு வேகம் வேண்டாங்க, ஒரு தடவ நிக்காம முடிஞ்சாப் போதும்னா. நான் சொன்னேன், வேகத்தப் பாக்காம எத வெச்சும்மா வெலையப் பாக்கறதுன்னு. இதெல்லாம் அவளுக்குப் புரியாது.

அப்புறம் புது தலைமுறை வந்துச்சு. வந்த லட்சணத்தச் சொல்றேன் கேளுங்க. முந்தினதவிட எட்டு சதவீதம்தான் வேகம். எட்டு. கரண்ட்டு ஜாஸ்தி இழுக்குது. அறிவிச்ச வெலை நாப்பத்தி மூணாயிரத்து ஐந்நூறு, கடையில போய்க் கேட்டா அம்பத்தி நாலாயிரத்து ஐந்நூறு. ஏன்யா பதினோராயிரம் ஜாஸ்தின்னு கேட்டா சரக்கு இல்ல சார்ங்கறான். சரக்கு இல்லாமத்தான் அலமாரி நெறைய அடுக்கி வெச்சிருக்கான். மெமரி மட்டும் பதினாறு ஜிபி குடுத்திருந்தான், முந்தினதுல எட்டு. மெமரிய வெச்சு என்ன பண்றது? கேம் ஆடறவனுக்கு அது தேவையே இல்ல. என் வீடியோ பாக்கறவங்க பத்துல ஒம்பது பேர் கேம் ஆடறவங்க.

சேலத்துல தெரிஞ்ச கடைக்காரர்கிட்ட ரெண்டு நாள் இரவல் வாங்கினேன். பதினோரு கேம், ஒவ்வொண்ணையும் மூணு தடவ ஓட்டணும். சூடு எவ்வளவு, கரண்ட்டு எவ்வளவு, எல்லாம் எழுதணும். பாதியில எவனாவது தொட்டா மொத்த அளவும் போச்சு. ஹேமா வந்து பக்கத்துல நின்னா. "ரெண்டு நாள் வீட்லதானங்க இருக்கு. ஒரே ஒரு தடவ என் ஃபைல ஓட்டிப் பாத்துக்கட்டுமா"ன்னா. முடியாதுன்னேன். கோவமாச் சொல்லல. சோதனை முடியட்டும்னு சொன்னேன். சோதனை முடிஞ்சா கார்ட திருப்பிக் குடுக்கணும், அது வேற விஷயம்.

மறுநா காலேஜ் போயிட்டு சாயங்காலம் வரேன். கம்ப்யூட்டர் கேபினெட்டுல கை வெச்சா அனலு. கார்டு சூடு எழுபத்தோரு டிகிரி. நான் ஆற வெச்சுட்டுப் போன மெஷின். இவ ஸ்கிரீன் முன்னாடி நிக்கறா, உக்காரக்கூட இல்ல. அந்த ஆஸ்பத்திரிப் படம் ஓடிக்கிட்டிருக்கு. வேலை கைவிட்டுப் போயி நாலு மாசம் ஆச்சு, அதப் போய் ஓட்டிப் பாத்திருக்கா. "நாப்பது நிமிஷத்துல முடிஞ்சிருச்சுங்க, ஒரு தடவகூட நிக்கல"ன்னா. நான் கத்தினேன், ஆமா. கத்தாம என்ன பண்றது? ஆறு கேமோட அளவு போச்சு. ஆறையும் மொதல்லேர்ந்து ஓட்டணும். அவ அந்தப் படத்த மட்டும் இன்னொரு தடவ மொதல்லேர்ந்து போட்டுப் பாத்துட்டு உள்ள போயிட்டா.

வீடியோ போட்டேன். 'இது வெலை இல்ல, கொள்ளை'ன்னு தலைப்பு. ரெண்டு லட்சத்து பத்தாயிரம் பேர் பாத்தாங்க சார். ஏழு வருஷத்துல வேற ஒரு வீடியோவும் அம்பதாயிரம் தாண்டினதில்ல. நான் அதுல என்ன சொன்னேன்னா, மூணு மாசம் யாருமே வாங்காதீங்க, அவன் தானா வழிக்கு வருவான். அவ்வளவுதான். அதுல என்ன தப்பு? ஜனங்க எழுதினாங்க, அண்ணா நீங்க இல்லன்னா நாங்க ஏமாந்திருப்போம்னு. காலேஜ்ல பிரின்ஸிபால் கூப்பிட்டு, குணசீலன், என் மகன் உங்க வீடியோ பாத்தானாம்னாரு. எனக்கு அந்தப் பத்து நாள்தான் சார். வாழ்க்கையில அந்தப் பத்து நாள்தான்.

பதினோராவது நாள் ஒருத்தன் ஒரு போட்டோவ அனுப்பறான். கோயமுத்தூர்ல ஒரு கடை, கார்டு வாங்கறவங்கள நிக்க வெச்சு போட்டோ எடுத்துப் போடுவாங்க. கையில டப்பாவப் புடிச்சுக்கிட்டு நிக்கறது யாருன்னு பாத்தா எங்க வீட்டுக்காரி. சிரிச்சுக்கிட்டு. எங்க கல்யாண போட்டோவுல அவ அப்படிச் சிரிக்கல, ஆல்பத்த எடுத்து வெச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். என் பழைய வீடியோ ஒண்ணுல அவ வந்திருக்கா, அத வெச்சுக் கண்டுபிடிச்சு அதுக்குக் கீழ எழுதறானுங்க. அண்ணன் உபதேசம் ஊருக்குத்தான், வீட்டுக்கு இல்லன்னு. வீட்லயே சொல் செல்லலன்னு. முன்னூறு பேர்.

வீட்டுக்குப் போனேன். கார்ட மாட்டி வேலைய ஆரம்பிச்சுட்டா.

"எவ்வளவுக்கு வாங்கினே?"

"உங்களுக்குத் தெரியும்ல."

"அம்பத்தி நாலா?"

"அம்பத்தி நாலாயிரத்து ஐந்நூறு. பெனிட்டா மேடம் அடுத்த வேலைக்கு முன்பணம் குடுத்தாங்க."

"பதினோராயிரம் ஜாஸ்தி குடுத்திருக்கே."

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதாங்க."

திருப்பிக் குடுத்துடுன்னேன். மாட்டேன்னா. அவ்வளவு சுருக்கமா அவ என்கிட்ட பேசினதே இல்ல. பதிமூணு வருஷத்துல ஒரு தடவகூட இல்ல. எங்களுக்குக் கொழந்தை இல்ல, அதப் பத்திக் கேக்காதீங்க. வீட்ல இருந்தது நாங்க ரெண்டு பேரு. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் தெரிஞ்சே ஏமாறுவேன்னு நின்னா இன்னொருத்தன் என்ன பண்ணுவான், நீங்களே சொல்லுங்க.

நான் பதில் சொல்லியாகணும்ல? என்ன நம்பி ரெண்டு லட்சம் பேர் இருக்காங்க. ஞாயித்துக்கெழம லைவ் போட்டேன். உள்ளத உள்ளபடி சொன்னேன். ஆமா, அது என் மனைவிதான். படிச்சவங்களே இப்படி ஏமாந்தா கம்பெனிக்காரன் எப்படி வெலையக் கொறைப்பான், என் வீட்டையே உதாரணமா எடுத்துக்குங்கன்னேன். பில்ல ஸ்கிரீன்ல காட்டினேன். பில்ல அவ மேசை டிராயர்லேர்ந்து எடுத்தேன், திருடல, வீடு ரெண்டு பேர் வீடுதான். மூவாயிரம் பேர் பாத்துக்கிட்டிருந்தாங்க. ஓடுது கமென்ட்டு, நிக்காம ஓடுது. அண்ணா நேர்மைன்னா நீங்கதான்னு ஒருத்தன். பொம்பளைங்களுக்கு வெலை எங்க தெரியும்னு ஒருத்தன். கடைக்காரனுக்கும் அண்ணிக்கும் என்ன டீலோன்னு ஒருத்தன்.

ஹேமா எப்ப வந்து கேமராவுக்குப் பின்னாடி நின்னான்னு எனக்குத் தெரியல. பாத்தேன், நிக்கறா. மன்னிப்புக் கேக்க வந்திருக்கான்னு நெனச்சேன், சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். வா, வந்து பேசு, ஜனங்களுக்குச் சொல்லுன்னேன். வரல. நின்ன எடத்துலேர்ந்தே ஸ்கிரீனப் படிச்சுக்கிட்டிருந்தா. மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சா. அப்புறம் போயிட்டா.

லைவ் முடிஞ்சதும் கேட்டா. "அவங்க எழுதினத நீங்க படிச்சீங்கதானே"ன்னா. அதையெல்லாம் யாரு படிக்கறான்னேன்.

"நீங்க படிச்சீங்க. அந்தக் கடைக்காரர் கமென்ட்டுக்குச் சிரிச்சீங்க."

சிரிச்சேனா, எனக்கு ஞாபகம் இல்ல சார். லைவ்ல இருக்கறப்ப மூஞ்சியச் சிரிச்ச மாதிரி வெச்சுக்கணும், அது தொழில். வீடியோவ மறுபடி போட்டுப் பாத்தேன். சிரிச்சுத்தான் இருக்கேன். ஆனா அது அந்தக் கமென்ட்டுக்கா, அதுக்கு அடுத்ததுக்கான்னு எப்படிச் சொல்ல முடியும்?

செவ்வாக்கெழம காலேஜ்லேர்ந்து வரேன், அவ இல்ல. துணி, சர்டிபிகேட், அவளோட ஹார்டு டிஸ்க். புது கார்டையும் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டா. கழட்டி அப்படியே விட்டுட்டுப் போயிருப்பான்னு நெனச்சேன், அப்படித்தான் இந்தக் காலத்துல எல்லாரும் பண்ணுவாங்க. இல்ல. என் பழைய கார்டத் தொடச்சு, மாட்டி, ரெண்டு ஸ்குரூவும் முடுக்கி, ஒயரக் கட்டி, ஸ்கிரீன் வருதான்னு போட்டுப் பாத்து, அணைச்சு வெச்சிருக்கா. நான் வந்து ஸ்விட்ச் போட்டா உடனே வந்துச்சு. வேணும்னே பண்ணியிருக்கா. அப்படிப் பண்ணிட்டா நான் என்ன குத்தம் சொல்ல முடியும்னு.

கோயமுத்தூர்ல இப்ப பெனிட்டா மேடம் ஆபீசுக்கு மாடியில ரூம் எடுத்திருக்காளாம். கூட ரெண்டு பேர் வேலை செய்யறாங்களாம். அந்தக் கார்டு வாங்கின காச எத்தனை நாள்ல எடுத்தான்னு கேக்கறீங்களா? அது எனக்கு எதுக்கு? நீங்க வேற விஷயத்தக் கேக்கறீங்க. நான் பேசறது பொருளோட வெலை. வாங்கினவ அத வெச்சு என்ன சம்பாதிச்சாங்கறது பொருளோட வெலையில சேராது. அதையும் இதையும் போட்டுக் கொழப்பித்தான் கம்பெனிக்காரன் உங்க மாதிரி ஆளுங்க தலையில கட்டறான்.

இதெல்லாம் நடந்து பதினஞ்சு மாசம் ஆச்சு. போன மாசம் வெலை எறங்கிச்சு. நான் என்ன சொன்னேனோ அதே வெலை, நாப்பத்தி மூணாயிரத்து ஐந்நூறு, ஒரு ரூபா முன்ன பின்ன இல்ல. மூணு மாசம்னு சொன்னது பதினாலு மாசமாச்சு, ஆனா எறங்கிச்சா இல்லையா? வீடியோ போட்டேன், 'நான் சொன்னது நடந்துச்சு'ன்னு. நாலாயிரம் பேர் பாத்தாங்க. மத்தவங்கல்லாம் எங்க போனாங்கன்னு தெரியல. வாங்கிட்டாங்க போல.

அவளுக்கும் அந்த லிங்க்க அனுப்பினேன். பதில் இல்ல. ஒரு வாரம் கழிச்சு ஒரு வக்கீலம்மா கூப்பிடறாங்க. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியற மாதிரி மனு, நீங்க வந்து கையெழுத்துப் போடணும் சார்னு. இன்னைக்குப் பதினோரு மணிக்குத்தான், கோயமுத்தூர் குடும்பக் கோர்ட்டுல. அதுக்குத்தான் போறேன். உங்களுக்கு ஜீவனாம்சம், நகை, சாமான், அந்த மாதிரி ஏதாவது கேக்கணுமான்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் வேணாம்னேன். ஒரே ஒரு விஷயம், அன்னைக்கு அந்த வெலைக்கு வாங்கினது தப்புன்னு அவ எழுதித் தரணும்னேன்.

அந்தம்மா, "சார், இது கோர்ட் மனு. இதுல கார்டு வெலைய எங்க சேக்கறது"ன்னாங்க. தனித் தாள்ல குடுக்கட்டும்னேன். கேட்டுச் சொல்றேன்னு வெச்சாங்க. ஒரு ஆறு மாசமாவது இழுக்கும்னு நெனச்சேன். வெலையப் பத்தி அவளும் நானும் உக்காந்து பேசியாகணும்ல? எட்டு சதவீதம்னா என்ன, அறிவிச்ச வெலைன்னா என்னன்னு நான் அவளுக்குப் பொறுமையா எடுத்துச் சொன்னதே இல்ல. சொல்லலாம்னு இருந்தேன். குறிப்புகூட எடுத்து வெச்சேன்.

பத்து நிமிஷத்துல போன் வருது. எழுதித் தராங்களாம் சார், என்ன வாசகம் வேணுமோ நீங்களே எழுதி அனுப்பிடுங்க, கையெழுத்துப் போட்டுடுவாங்கன்னு.

எழுதினேன். பதினோராயிரம் ஜாஸ்தி குடுத்து வாங்கினது என் தவறுன்னு ஒரு வரி. கணவர் எச்சரிச்சும் கேக்கலைன்னு ஒரு வரி. சரின்னு வந்துச்சு. கடையில போட்டோ எடுக்க ஒத்துக்கிட்டிருக்கக் கூடாதுன்னு மூணாவது வரி சேத்து அனுப்பினேன். சரின்னா. அப்புறம் லைவ்ல கணவர் என்னப் பத்திப் பேசினது பொது நன்மைக்காகத்தான்னு நாலாவது ஒண்ணு எழுதினேன். அதுக்கு ஒத்துக்க மாட்டா, அதுக்காவது போன எடுத்து ரெண்டு வார்த்த கேப்பான்னு நெனச்சுத்தான் எழுதினேன். ஒரு மணி நேரம் போனக் கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வக்கீலம்மாதான் கூப்பிட்டாங்க. அதுக்கும் சரியாம்.

அவ மார்க்கெட்டுக்குப் போனா தக்காளிக்காரம்மாகிட்ட அரை மணி நேரம் நிப்பா சார். ரெண்டு ரூபா கொறைக்காம பைய நீட்ட மாட்டா. ஆட்டோக்காரன், பழைய பேப்பர்காரன், ஒருத்தர விட்டதில்ல. பதிமூணு வருஷம் கூடவே நின்னு பாத்தவன் சொல்றேன். என்கிட்ட பேரமே பேசல.